தண்டவாளம் ஒருவருடையது, வண்டி யாருடையது?

சிவகாசியில் விலைப்பட்டியல் அச்சடிக்கும் முன் அடுத்த கம்பெனி என்ன விலை போட்டிருக்கிறது என்று விசாரிக்காத பட்டாசு முதலாளி கிடையாது. தீப்பெட்டி, காலண்டர், லாரி புக்கிங் என்று எல்லாவற்றிலும் இதே கதைதான். அதே ஊர் ரயில்வே ஸ்டேஷனில் மட்டும் ஒரே ஒரு வியாபாரி: இந்திய ரயில்வே. (பயணிகள் ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் 1989-ம் வருட ரயில்வே சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை. எனவே பட்டாசுக்கு லாரியே கதி.)

வெள்ளைக்காரர் காலத்தில் பல ரயில் கம்பெனிகள் இருந்தனவே, அப்போது போட்டி இருந்திருக்குமே என்று தோன்றும். இல்லை. 1876-ல் மதுரையிலிருந்து அன்றைய விருதுபட்டி வழியாகத் தூத்துக்குடி வரை போன பாதை தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனிக்கு வேறு வட்டாரம். ஆளுக்கொரு ஏரியா பிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். விருதுபட்டி வியாபாரிக்கு வேறு ரயில் கிடையாது. 1944-ல் தென்னிந்திய ரயில்வேயை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே பிறந்தது. முதலாளி மாறினார், ஏகபோகம் மாறவில்லை.

ஐரோப்பாவிலும் நாட்டுக்கொரு அரசு ரயில்வே என்று இதே நிலைமைதான் இருந்தது. போட்டிக்காக இன்னொரு தண்டவாளம் போடுவது கட்டுப்படியாகாது. ஆனால் நம்ம ஊர் ரோட்டைப் பாருங்கள். ரோடு அரசாங்கத்துடையது, அதில் அரசு பஸ்ஸும் ஓடுகிறது, தனியார் பஸ்ஸும் ஓடுகிறது. இதே யோசனையில் ஸ்வீடன் 1988-ல் பாதையையும் வண்டியையும் இரண்டு நிர்வாகமாகப் பிரித்தது. 1991-ல் ஐரோப்பியச் சமூகம், பாதைக்கும் வண்டிக்கும் கணக்கைத் தனித்தனியாக எழுதச் சொல்லி உறுப்பு நாடுகளுக்கு உத்தரவு போட்டது. 2001-ல் வந்த சட்டங்கள், தகராறு வந்தால் தீர்த்துவைக்க நாட்டுக்கொரு ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்றன. 2007 ஜனவரி 1 முதல் சரக்குப் போக்குவரத்து முழுவதும் திறந்துவிடப்பட்டது. பயணிகள் விஷயத்தில் இன்னும் மெதுவாகத்தான் நகர்ந்தார்கள். இத்தாலியில் 2012-ல் இடாலோ என்ற தனியார் அதிவேக ரயில், அரசு ரயில் ஓடும் அதே பாதையில் ஓட ஆரம்பித்தது.

இந்தியாவில் இதற்குக் கிட்டத்தில் வருவது கண்டெய்னர் ரயில்தான். 1988-ல் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் கான்கார் நிறுவனம் தொடங்கப்பட்டது. சுமார் பதினேழு வருடம் கண்டெய்னர் ரயில் என்றால் கான்கார்தான். 2006-ல் தனியாருக்குக் கதவு திறந்தது. மும்பையின் நவசேவா துறைமுகம் - டெல்லி வட்டாரம் உள்பட நாடு முழுவதும் ஓட்ட உரிமத்தொகை 50 கோடி ரூபாய், மற்றப் பாதைகளுக்கு மட்டும் என்றால் 10 கோடி. பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் வந்தன.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வேகன் தனியாருடையது. என்ஜின், டிரைவர், சிக்னல், தண்டவாளம் எல்லாம் ரயில்வேயுடையது. இழுவைக் கட்டணத்தை நிர்ணயிப்பதும் ரயில்வே. நிலக்கரி, தாதுப்பொருள் போன்ற பெரிய சரக்குகளை ஏற்றக் கூடாது என்று சொன்னதும் அதே ரயில்வே. போட்டியாளர் கான்கார் அந்த அமைச்சகத்தின் பிள்ளை. ஆட்டக்காரரின் அப்பாவே அம்பயர்!

வழக்கு வராமல் இருக்குமா? சில தனியார் கம்பெனிகள் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போயின. நாங்கள் வியாபார நிறுவனமே இல்லை, ஆணையம் எங்களை விசாரிக்க முடியாது என்று ரயில்வே வாதாடியது. 2012-ல் டெல்லி உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் அதே வருடம் ஆணையம், ரயில்வே தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்று புகார்களைத் தள்ளிவிட்டது. உள்ளே நுழையும் கேள்வியில் தனியார் ஜெயித்து, கடைசியில் தோற்றார்கள்.

ரயில்வே பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சரக்கில் வரும் லாபத்தை வைத்துத்தான் பயணிகள் டிக்கெட்டைக் குறைவாக வைத்திருக்கிறார்கள். லாபம் தரும் சரக்கைத் தனியார் கொண்டுபோய்விட்டால், சிவகாசியில் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறுகிறவருக்கு யார் பணம் போடுவது? ஐரோப்பாவில் நஷ்ட வண்டிக்கு அரசாங்கம் ஒப்பந்தம் போட்டு வெளிப்படையாகப் பணம் தருகிறது. இங்கே அந்தத் தொகை சரக்குக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதை முதலில் வெளியே எடுத்துக் கணக்கெழுதாமல் போட்டியைப் பற்றிப் பேசுவது வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டுவது போலத்தான்.

2017-ல் ரயில் வளர்ச்சி ஆணையம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால் கட்டணம் பற்றி ஆலோசனை சொல்வதுதான் அதன் வேலை, உத்தரவு போடுவது அல்ல. 2020 ஜூலையில் 109 வழித்தடங்களில் 151 தனியார் பயணிகள் ரயில்கள், 30,000 கோடி ரூபாய் முதலீடு என்று பெரிய அறிவிப்பு வந்தது. ஆரம்பத்தில் பதினைந்து கம்பெனிகள் விண்ணப்பித்தன. ரயில்வேயோடு தகராறு என்றால் ரயில்வேயிடமே போய் நிற்க வேண்டும் என்ற நிலையில் முதலீடு செய்ய யாருக்கும் யோசனை வரும். 2021 ஜூலையில் டெண்டர் திறந்தபோது இரண்டே பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அதில் ஒருவர் ஐ.ஆர்.சி.டி.சி., ரயில்வேயின் சொந்த நிறுவனம்.