காமாவின் எதிராளிகள்

1993 நவம்பர் 12ஆம் திகதி அமெரிக்காவின் டென்வர் நகரில் நடைபெற்ற முதலாவது யூ.எப்.சி. போட்டியில், பிரேசில் நாட்டவரான ரொய்ஸ் கிரேஸி ஒரே இரவில் மூவரை வென்று பட்டம் பெற்றார். அவர்களுள் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மாத்திரம் கையுறை அணிந்து களமிறங்கிய குத்துச்சண்டை வீரர். தரையில் கட்டிப்புரண்டு சண்டையிடும் பயிற்சி அவருக்கு இருக்கவில்லை. கென் ஷம்ரொக்கோ ஜப்பானில் பிடிச்சண்டையில் தேர்ந்தவர். பதிவேட்டில் இரண்டும் வெற்றிகளே. எனினும் இரண்டும் ஒரே எடையுடையனவா?

இக்கேள்வியை எழுப்பாமல் நாம் போற்றிவரும் ஒருவர் காமா பயில்வான். தோல்வியே காணாதவர் என்பது அவர் புகழ். அப்புகழின் பெறுமதியை அவருடைய எதிராளிகளைக் கொண்டே அளவிட வேண்டும்.

இந்தியாவில் அவருக்கு வாய்த்த பெரும் எதிராளி ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. காமா 5 அடி 7 அங்குல உயரமே உடையவர். ரஹீம் அவரினும் மிக உயர்ந்தவர். இவர்களின் முற்சந்திப்புகள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. இலண்டனிலிருந்து திரும்பிய பின்னரே காமா அவரை அலகாபாத்தில் வென்றார்.

1910இல் இலண்டன் சென்ற காமா, அமெரிக்க மருத்துவரும் மல்யுத்த வீரருமான பென்ஜமின் ரோலரை வீழ்த்தினார். செப்டெம்பர் 10ஆம் திகதி போலந்து வீரர் ஸ்டனிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவைச் சந்தித்தார். ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். முடிவு சமநிலை. செப்டெம்பர் 17ஆம் திகதி மறுபோட்டிக்கு அவர் வரவேயில்லை; ஜோன் புல் பட்டி காமாவுக்குக் கிடைத்தது.

இதைக்கொண்டு ஸ்பிஸ்கோவைக் கோழை என எழுதிச் செல்வோர் பலர். ஆயின் புதுக்கடை நீதிமன்றங்களில் செய்யப்படுவது போல, சாட்சியின் முன்வரலாற்றையும் விசாரிக்க வேண்டும். 1909 நவம்பரில், ஒரு மணி நேரத்துக்குள் ஸ்பிஸ்கோவை இருமுறை வீழ்த்துவதாகப் பொருந்திக்கொண்ட உலக வீரர் பிராங்க் கொட்ச், ஒருமுறையேனும் வீழ்த்த இயலாமற் போனார். ஆகவே அந்தத் தற்காப்பு அச்சத்தினால் மாத்திரம் வந்ததன்று. அது பயின்ற கலை. அதே வேளை, 1910 ஜூன் மாதம் சிக்காகோவில் கொட்ச் அவரைத் தோற்கடித்ததும் உண்மை. இரண்டையும் தட்டில் இட்டே நிறுக்க வேண்டும்.

1928இல் பட்டியாலாவில் காமா ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோவை வீழ்த்தியமை இன்றும் பெரிதாகக் கொண்டாடப்படுகிறது. அப்போது இருவருமே ஐம்பதை அண்மித்தவர்கள். போட்டியும் இந்திய முறையில், மண் களத்தில் நடந்தது. 1921இல் ஸ்பிஸ்கோ பெற்ற உலகப் பட்டத்தையும் பெரிய சான்றாகக் கொள்ளலாகாது. அக்கால அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவுகள் பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. என் கணிப்பில், உடல் வலிமையுடனிருந்த ஸ்பிஸ்கோவை 1910இல் இரண்டரை மணி நேரம் எழவிடாது வைத்திருந்த அந்தச் சமநிலையே, 1928 வெற்றியை விடக் கனமான சான்று.

கொட்ச், ஹக்கன்ஷ்மிட் ஆகியோருடன் காமா மோதவேயில்லை. அந்த இடைவெளியை எந்தப் புகழுரையாலும் நிரப்ப முடியாது. ஆனால் அடிமைப்பட்டிருந்த ஒரு மக்கள், தம்மவர் எவருக்கும் இளைத்தவரல்லர் என்று நிமிர்ந்துகொள்ள அவர் பெயர் உதவியது. அந்த நிமிர்வுக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை. எதிராளியைச் சிறுமைப்படுத்தும் ஒவ்வொரு கதையும் ஈற்றில் காமாவையே சிறுமைப்படுத்துகிறது.