எண்ணெயின் எச்சமும் கதிரவன் ஒளியும்

தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்தோர் புங்க மரத்தை நன்கு அறிவர். அதன் விதையிற் பிழிந்த எண்ணெய் முன்னாளில் வீடுகளில் விளக்கெரித்தது. சோப்புக் காய்ச்சவும் உதவியது. இன்று அதே எண்ணெயை உயிரி டீசலாகவும் மாற்றலாம். சோப்பாயினும் டீசலாயினும், எண்ணெய் உருமாறும்போது பாகு போன்ற ஒரு திரவம் எஞ்சுகிறது. மருந்துக் கடைகளில் நாம் கிளிசரின் என்று வாங்கும் கிளிசராலே அது. அதன் வரலாற்றைச் சற்றே காண்போம்.

1779ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஷீலே, ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடுடன் காய்ச்சி இதனைக் கண்டார். இனிமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் செவ்ரூல். 1847இல் இதிலிருந்து நைட்ரோகிளிசரின் பிறந்தது. 1867இல் நோபெல் அதனை டைனமைட் ஆக்கினார். புண்ணுக்கு மருந்தான பொருள் பாறையைப் பிளக்கும் வெடியுமாயிற்று! ஆனால் 2000ஆம் ஆண்டிற்குப் பின் உயிரி டீசல் ஆலைகள் பெருகின. 100 கிலோ டீசலுக்குச் சுமார் 10 கிலோ கிளிசரால் எஞ்சியதால், அது தேவையை விஞ்சி விலை வீழ்ந்தது.

இங்கேதான் ஒளி துணைக்கு வருகிறது. 1920களிலேயே அலகாபாத்தில் நீல்ரத்தன் தர், சர்க்கரை, கொழுப்பு முதலியவற்றில் சூரிய ஒளி விளைக்கும் மாறுதல்களை ஆராய்ந்தார். 1972இல் ஜப்பானிய அறிஞர்களான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், ஒளிபட்ட டைட்டேனியம் டை ஆக்சைடு மின்முனையின் துணையால் நீர் பிரிவதை உலகுக்கு அறிவித்தனர். ஒளி அப்பொருளில் எலெக்ட்ரானைக் கிளர்த்தி, அது இருந்த இடத்தை வெற்றிடமாக்குகிறது. எலெக்ட்ரான் உடனே திரும்பிவிட்டால் பயனில்லை. நீரில் கிளிசராலைக் கலந்தால், அது தன் எலெக்ட்ரானைத் தந்து வெற்றிடத்தை நிரப்புகிறது. விடுபட்ட எலெக்ட்ரான் ஹைட்ரஜனைத் தோற்றுவிக்கிறது.

ஒரு மூலக்கூறு கிளிசரால் மூன்று மூலக்கூறு நீருடன் முற்றிலும் வினைபுரிந்தால், ஏழு மூலக்கூறு ஹைட்ரஜனும் மூன்று மூலக்கூறு கரியமில வாயுவும் கிடைக்கும். வினையை இடையில் நிறுத்த முடிந்தால், கிளிசரால்டிஹைடு, டைஹைட்ராக்சி அசிட்டோன் போன்ற விலையுயர்ந்த வேதிப்பொருள்களைப் பெறலாம். ஆந்திர மாநிலத்தின் கடப்பையிலுள்ள யோகி வேமனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிளாட்டினத்திற்குப் பதிலாக மலிவான செம்பின் ஆக்சைடைச் சேர்த்து, கிளிசரால் கலந்த நீரிலிருந்து சூரிய ஒளியில் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியுள்ளனர்.

எனினும் தடைகள் நீங்கவில்லை. டைட்டேனியம் டை ஆக்சைடு பயன்கொள்வது புறஊதாக் கதிர்களை மட்டுமே. சூரிய ஒளியில் அவை நூற்றில் ஐந்து பங்கு அளவினவே. கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் ஏற்று, நெடுநாள் கெடாது உழைக்கும் மலிவான வினையூக்கி வேண்டும். வேண்டிய இடத்தில் வினையை நிறுத்தும் திறனும் வேண்டும்.

மாணவ நண்பர்களே! தருமபுரிக்கு வெயிலும் உண்டு, புங்கமும் உண்டு. வேண்டுவது அவ்வினையூக்கி ஒன்றே. வேதியியல் கற்கும் உங்களுள் ஒருவர் அதனைக் காணக்கூடும். அன்று, எஞ்சிய கிளிசரால் எரிபொருளின் ஊற்றாகும்.