பெயர் யார் கையில்? சிறு நூலகங்களின் இணையதள வரலாறு

1999ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா மாவட்ட நூலகங்கள் ஒரு நெருக்கடியில் இருந்தன. வெலிங்டனுக்கு வடக்கே லெவின், ஃபாக்ஸ்டன், ஷானன் என்று சில சிற்றூர்கள். மாவட்டம் முழுவதையும் கூட்டினாலும் மக்கள்தொகை 30,000 அளவில்தான். புத்தகம் இரவல் கொடுக்கவும் திரும்பப் பெறவும் அங்கே இருந்த கணினி அமைப்பு பன்னிரண்டு வருடப் பழசு. 2000 பிறந்தால் தேதிக் கணக்கு குழம்பிவிடும் என்பது ஒரு சிக்கல். அதைச் சரிசெய்து தர ஆளில்லை என்பது அதைவிடப் பெரிய சிக்கல். சந்தையில் கிடைத்த மாற்று அமைப்புகளுக்கு விலையும் அதிகம், கிளைகளை இணைக்கத் தனித் தகவல்தொடர்பு வசதிக்கும் செலவழிக்க வேண்டும். நூலகத் தலைவர் ரோசலி பிளேக்கும் அவருடைய சகாக்களும் கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற சிறிய வெலிங்டன் நிறுவனத்திடம் போனார்கள். அது இணையதளம் கட்டும் நிறுவனம். ஆகவே நூலக மென்பொருளையும் அது இணையதளம் மாதிரியே கட்டியது: லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பெர்ல். கிளைகளுக்கு ஒரு டயல்-அப் மோடம் இருந்தால் போதும். சில மாதங்களில் எழுதி முடித்து, 2000 ஜனவரியில் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். அதற்குக் கோஹா என்று பெயர் வைத்து, அதே ஆண்டில் பொது உரிமத்தின் கீழ் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள்.

இந்தக் கதையை வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்தி, சிறியவர்களின் வெற்றி என்று கைதட்டிவிடுவார்கள். ஆனால் சிறு நூலகங்களின் இணைய வரலாற்றில் கட்டுவது ஒருபோதும் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. கட்டியதை யார் பராமரிப்பது, அதன் பெயரை யார் வைத்திருப்பது என்பதில்தான் எல்லாப் பாதுகாப்புக் கேள்விகளும் வந்து முடிகின்றன. முப்பது ஆண்டு அனுபவத்தைப் பார்த்தால், பராமரிப்பைக் கூட்டாகச் செய்து, பெயரை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்ட நூலகங்களே ஓரளவு தப்பின என்று சொல்லத் தோன்றுகிறது. பெரும்பாலான நூலகங்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தன. பராமரிப்பைத் தனியே சுமந்துகொண்டு, பெயரை எவரிடமோ விட்டுவைத்தன.

பெயர் விஷயத்தில் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1993 ஜூனில் ஆன் கூப்பரும் ஜான் போஸ்டலும் வெளியிட்ட அமெரிக்க டொமைன் விதிகளில் நூலகங்களுக்கென்று தனிக் கிளையே உண்டு. முதலில் நூலகத்தின் பெயர், பிறகு ‘லிப்’, பிறகு மாநிலக் குறி, கடைசியில் ‘யு.எஸ்.’ எனப் புள்ளி வைத்து அடுக்கிய முகவரி. பார்க்க அழகில்லை, சொல்லவும் நீளம். ஆனால் அந்த அடுக்கில் ஒரு காவல் இருந்தது. இன்ன ஊர் நூலகம் என்ற இடத்தை அந்த ஊர் நூலகத்துக்குத்தான் கொடுப்பார்கள். வழிப்போக்கன் ஒருவன் பணம் கட்டி வாங்கிவிட முடியாது. இந்தியானா மாநிலத்தின் செயின்ட் ஜோசஃப் மாவட்டப் பொது நூலகம் 1994இலேயே வலை சர்வர் வைத்து இந்தத் துறையில் முன்னோடியானது. அடுத்த சில ஆண்டுகளில் சிறு நூலகங்களும் பின்தொடர்ந்தன. பிறகு வணிகப் பெயர்களின் மோகம் வந்தது. 2002இல் ‘யு.எஸ்.’ டொமைனே பொதுவிற்பனைக்குத் திறக்கப்பட்டது. சுவரொட்டியில் அச்சடிக்கச் சுலபமாக இருக்கிறதே என்று பல நூலகங்கள் சுருக்கமான ‘ஆர்க்’ முகவரிக்கு மாறின. அப்படி வாங்கிய பெயர் வாடகை வீடு போன்றது. ஒரு வருடம் கட்டணம் தவறினால் வேறொருவர் குடிவந்துவிடுவார். நூலகக் குழுவில் இருந்த ஒரு தன்னார்வலர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்து, பிறகு ஊர் மாறிப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு எவர் கண்ணிலும் படாமல் போகும். கைவிடப்பட்ட பெயர்களைப் பொறுக்கி எடுத்து, பழைய முகவரியின் நற்பெயரைச் சூதாட்ட விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதே ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. இதில் யாரும் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை.

கோஹாவுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே, இன்னும் பெரிய அளவில். ஓஹையோ மாநிலத்தின் நெல்சன்வில் பொது நூலகம் அமெரிக்காவில் முதலில் கோஹாவை ஏற்றது. அந்தச் சூழலிலிருந்து 2005இல் லிப்லைம் என்ற நிறுவனம் பிறந்தது. 2007இல் கட்டிப்போவின் கோஹா பிரிவையும் அது வாங்கிக்கொண்டது. 2010இல் லிப்லைமையே பி.டி.எஃப்.எஸ். என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. மென்பொருளின் நிரல் பொது உரிமத்தில் இருந்ததால் அதை யாராலும் பூட்டிவைக்க முடியவில்லை. ஆனால் கோஹா என்ற பெயரில் இருந்த இணைய முகவரி நிறுவனத்தோடு போய்விட்டது. பல நாட்டு நூலகர்களும் நிரலாளர்களும் சேர்ந்த சமூகம் ‘கோஹா-கம்யூனிட்டி’ என்ற புது முகவரிக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. 2011இல் நியூசிலாந்திலேயே அந்தப் பெயருக்கு வணிகமுத்திரை கேட்டு நிறுவனம் கொடுத்த விண்ணப்பம் முதற்கட்ட ஏற்பு பெற்றபோது, ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை வழக்குச் செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது. பொருத்தமான லாபநோக்கற்ற அமைப்பிடம் பெயரை ஒப்படைக்கத் தயார் என்று நிறுவனத் தரப்பு சொன்னது. 2013 டிசம்பரில்தான் வணிகமுத்திரை ஆணையர் அறக்கட்டளைப் பக்கம் தீர்ப்பளித்தார். உலகம் முழுவதும் நூலகங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் ஒன்றைக் கொடுத்தவர்கள், அதன் பெயருக்காகக் கையேந்த நேர்ந்தது. நிரலுக்கு உரிமம் எழுதியபோது காட்டிய கவனத்தைப் பெயருக்கு யாரும் காட்டவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

பராமரிப்புக்கு வருவோம். 2014 அக்டோபர் 15, புதன்கிழமை. ட்ரூபல் என்ற இணையதள மென்பொருளில் கடுமையான ஓட்டை ஒன்று இருப்பதாகவும், அதை அடைக்கும் திருத்தம் தயார் என்றும் அதன் பாதுகாப்புக் குழு அறிவித்தது. இரண்டு வாரம் கழித்து அதே குழு இன்னொரு அறிவிப்பு விட்டது: அறிவித்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போடாத தளங்கள் எல்லாம் ஏற்கெனவே ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரைக் கணக்கில் அந்த ஏழு மணி நேரம் நண்பகலில் தொடங்கி மாலை ஏழு மணிக்கு முடிந்தது. ஒரே ஒரு பகுதிநேர நூலகர் இருக்கும் கிராமத்து நூலகத்தை எண்ணிப் பாருங்கள். அன்று அவர் குழந்தைகளுக்குக் கதை சொல்லியிருப்பார், தாமதக் கட்டணம் வாங்கியிருப்பார், அல்லது அது நூலகம் திறக்காத நாளாகவே இருந்திருக்கும். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஏழு மணி நேரத்தில் எதிர்வினையாற்றும் வேலை ஒரு தனி ஆளுக்கான வேலையே அல்ல. இன்னொரு இணையதள மென்பொருளான வேர்ட்பிரஸ் 2013 அக்டோபரில் வெளியிட்ட 3.7 பதிப்பிலிருந்து சிறு திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படத் தொடங்கின. சிறு நூலகங்களுக்கு நடத்தப்பட்ட எந்தப் பயிலரங்கையும்விட அந்த ஒரு மாற்றம் அதிகம் பாதுகாத்திருக்கும் என்பது என் கணிப்பு. பராமரிப்புப் பொறுப்பு நூலகரின் மேசையிலிருந்து, அதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் மாறியதுதான் அங்கே நடந்தது.

‘எங்கள் ஊர் நூலகத்தை யார் தாக்கப் போகிறார்கள், அங்கே திருட என்ன இருக்கிறது’ என்ற கேள்வி நூலகக் குழுக்களில் எப்போதும் எழும். கேள்வி நியாயமானதே, ஆனால் தாக்குபவர் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார் என்ற தவறான எண்ணத்தில் நிற்கிறது. ஓட்டை தேடும் நிரல்கள் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை. குப்பை அஞ்சல் அனுப்பவும், போலி மருந்துக் கடைக்கு இணைப்பு ஒளித்துவைக்கவும் எந்தச் சர்வரானாலும் அவற்றுக்குச் சரி. திருட ஒன்றுமில்லை என்பதும் உண்மையல்ல. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்ற பதிவு நூலகத்திடம் இருக்கிறது. ஒருவர் புற்றுநோய் பற்றிப் படிக்கிறாரா, விவாகரத்துச் சட்டம் பற்றிப் படிக்கிறாரா என்பது அவருடைய வீட்டாருக்கே தெரியாத செய்தியாக இருக்கலாம்.

கூட்டாக வைத்தால் ஒரே இடத்தில் எல்லாம் மாட்டிக்கொள்ளுமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. 2005இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்ததை இதற்குச் சான்றாகக் காட்டலாம். இருபதுக்கும் மேற்பட்ட நூலகங்களின் கணினிகளைச் சேர்த்து நடத்திய லைப்ரரி கனெக்‌ஷன் என்ற அமைப்புக்கு, மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ஒரு கடிதம் கொடுத்தது: கணினிப் பயன்பாட்டுப் பதிவைக் கொடு, கேட்டதை வெளியே சொல்லாதே. ஒரே கதவைத் தட்டினால் இத்தனை நூலகங்களின் பதிவும் கிடைக்கும் என்ற நிலை கூட்டமைப்பால் வந்ததுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த அமைப்பின் பொறுப்பிலிருந்த நான்கு நூலகர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் வாய்ப்பூட்டு நீங்கியது, அரசும் கோரிக்கையைக் கைவிட்டது. அந்தக் கடிதம் ஒரு தனிச் சிற்றூர் நூலகருக்குப் போயிருந்தால், வழக்கறிஞரைக் கேட்கவாவது அவருக்குத் துணிவோ பணமோ இருந்திருக்குமா? கூட்டு ஆபத்தைக் குவிக்கிறது. எதிர்த்து நிற்கும் பலத்தையும் குவிக்கிறது.

பெரிய நிறுவனமாக இருப்பதே பாதுகாப்பு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம், தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலில் முடங்கியது. பணம் கொடுக்க மறுத்தது. திருடப்பட்ட சுமார் 600 ஜிபி தரவு வெளியிடப்பட்டது. நூற்பட்டியலைத் தேடும் வசதி ஜனவரியில்தான் ஓரளவு திரும்பியது. 2024 மார்ச்சில் அது தானே வெளியிட்ட அறிக்கை பாராட்டத்தக்க நேர்மையுடையது. வெளியாட்கள் நுழையும் சர்வர் ஒன்றுக்கு இரட்டைச் சரிபார்ப்பு இல்லாதிருந்ததையும், காலம் கடந்த பழைய அமைப்புகளைப் புதிய கட்டமைப்பில் மறுபடி எழுப்ப முடியாமல் போனதையும் அதில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடப் பழசை வைத்துக்கொண்டு தவித்த ஹோரோஃபெனுவாவின் நோயும் பிரிட்டிஷ் நூலகத்தின் நோயும் ஒன்றுதான். பணம் மட்டும் வேறு.

கூட்டுப் பராமரிப்பைச் சிறு நூலகங்களுக்கென்றே முயன்றுபார்த்த ஒரு திட்டமும் உண்டு. ஓரிகன் மாநில நூலகத்தின் முன்முயற்சியில் 2000களில் உருவான பிளிங்கிட், ப்ளோன் என்ற கட்டற்ற மென்பொருளின் மேல் ஆயத்த இணையதளங்களைத் தந்தது. கொலராடோ, மிச்சிகன், டெக்சாஸ் போன்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. சர்வரும் திருத்தங்களும் பேக்கப்பும் மேலே. திறந்திருக்கும் நேரமும் புதிய வரவுகளும் எழுதுவது மட்டும் உள்ளூர் நூலகரிடம். யோசனை சரியானது. ஆனால் சில நூலகங்களின் முகவரியே பிளிங்கிட் என்ற பெயரின் கிளையாக இருந்தது. திட்டம் முடிந்தால் அப்படிப்பட்ட முகவரிகளுக்கும் ஆயுள் முடிந்துவிடும். தனக்கென்று பெயர் வைத்திருக்கும் நூலகம் வேறு சர்வருக்கு நகர்ந்தால் வாசகர் உணரவே மாட்டார்.

நமக்கு இந்தக் கூட்டுமுறை புதிதல்ல. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சியால் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரி வசூலித்து மாவட்ட அளவில் செலவிடும் ஏற்பாட்டைக் கொண்டது. ஒவ்வொரு ஊரும் தன் நூலகத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளட்டும் என்று அது விடவில்லை. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் கோஹா ஓடுகிறது. அங்கே அதை நிறுவுவதற்கு ஆள் சுலபமாகக் கிடைக்கிறார். மூன்றாவது வருடம் பதிப்பை உயர்த்த யார் வருவார் என்பதை ஒப்பந்தம் போடும்போதே கேட்பவர்கள் குறைவு.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் போதாதா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். திருத்தம் போடும் கவலையும் பேக்கப் கவலையும் இல்லை என்பது உண்மை. ஆனால் பராமரிப்பை விட்டுக்கொடுக்கும்போது பெயரையும் வாசகர் தடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். கணக்கு முடக்கப்பட்டால் முறையிட ஒரு ஆணையர்கூடக் கிடையாது. செலவுதான் காரணம் என்றால் அந்தக் காரணமும் தேய்ந்துவருகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 டிசம்பரில் குறியாக்கச் சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாக்கியது. ஆண்டுக்கு 400 டாலர் கட்ட வேண்டியிருந்த அமெரிக்க அரசு டொமைனும் 2021 ஏப்ரல் முதல் இலவசம். தகுதியில்லாத எவரும் அதை வாங்க முடியாது என்பதால் 1993இன் பழைய காவல் இன்னொரு உருவில் திரும்பியிருக்கிறது. ஆனால் அது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே. நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர்களில் சங்கங்களாக, தனியார் அறநிலைய உருவில் நடக்கும் நூலகங்கள் பல அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கின்றன. அவற்றின் பெயர்களை மாநில நூலகமோ வட்டாரக் கூட்டமைப்போ சங்கத்தின் பெயரிலேயே பதிந்து, புதுப்பிப்புக் கட்டணத்தைத் தன் பொதுச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்குச் சில டாலர்தான் ஆகும்.