ஹீரோயிக் கப்ளெட்

பெயரைக் கேட்டு வாளும் கேடயமும் தேட வேண்டாம்; இது ஆங்கிலக் கவிதையின் ஒரு யாப்பு வடிவம். ‘கப்ளெட்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர், பிணைப்பு எனப் பொருள்படும் லத்தீன் ‘கோப்புலா’. பிணைந்து நிற்பவை இரண்டு அடிகள். ‘ஹீரோயிக்’ என்பது அந்த அடிகளின் குணமல்ல, அவை பார்த்த வேலை. கிரேக்க, லத்தீன் காப்பியங்களின் அறுசீரடிக்கு வீரயாப்பு என்று பெயர். ஆங்கிலத்தில் அந்த இடத்தைப் பிடித்தது பத்தசை அடி. ஆங்கிலக் கவிஞர்களான டிரைடன் 1697இல் வெர்ஜிலின் ‘ஈனியட்’டையும், போப் 1715 முதல் 1720 வரை ‘இலியட்’டையும் இந்த ஈரடியில்தான் ஆங்கிலமாக்கி வெளியிட்டார்கள்.

அடிக்கு ஐந்து சீர்; சீருக்கு அழுத்தமில்லாத ஓரசை, அடுத்து அழுத்தமுள்ள ஓரசை. நம் யாப்பு நேர், நிரை என்று அசைபிரிக்கும். ஆங்கில யாப்பு குரல் எங்கே அழுந்துகிறது என்று பார்க்கும். இரண்டு அடிகளும் இறுதி ஒலியில் ஒன்றும்; அப்படி ஒன்றுவது இயைபு. ‘ரைம்’ என்றாலே எதுகை என்று எழுதிவிடுபவர்கள் கவனிக்க.

கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஈரடியைக் கையாண்டார், ஆனால் அவரிடம் வாக்கியம் ஈரடியைத் தாண்டியும் ஓடும். போப்பிடம் பெரும்பாலும் இரண்டாம் அடியோடு கருத்தும் முடியும். அடி நடுவே சிறு நிறுத்தம், இரு பாதிகளும் எதிரெதிர் நிற்கும். குத்தலுக்கு இதைவிடத் தோதான வடிவம் ஆங்கிலத்தில் இல்லை. ஒரு பெண்ணின் கூந்தல் சுருளை வெட்டிய கதையைக் காப்பியத் தோரணையில் சொல்லும் போப்பின் ‘தி ரேப் ஆஃப் தி லாக்’ (1712) சான்றுக்குப் போதும். மில்டனோ 1667இல் வெளியான ‘பாரடைஸ் லாஸ்ட்’ காப்பியத்தில் அதே பத்தசை அடியை வைத்துக்கொண்டு இயைபை மட்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.