மருந்து குடித்த ரத்தம்!

கடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பெரியவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது எழுபதுக்கு மேல். பிராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. சிதம்பரத்தில் 1985-ல் ராஜா முத்தையா பெயரில் தொடங்கி, இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகிவிட்ட ஆஸ்பத்திரிக்குப் பயணம். பஸ் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ''பீட்ரூட், முருங்கைக்கீரை எல்லாம் குடுத்துப் பார்த்தாச்சு. ரத்தம் ஊறவே இல்லியே!'' என்கிறார் கூட வந்த மகள்.

ஏன் ஊறவில்லை? பதிலுக்கு நாம் சிகாகோ பல்கலைக்கழகம் வரை போய்வர வேண்டும்!

அங்கே 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்கிற டாக்டர், டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்கினால் பிராஸ்டேட் புற்றுநோயும் அடங்குகிறது என்று காட்டினார். 1966-ல் நோபல் பரிசு! முற்றிய நோய்க்கு இன்றும் அதுதான் அடிப்படை சிகிச்சை. ஆனால், எலும்பு மஜ்ஜையை 'ரத்தம் தயாரி' என்று விரட்டுவதும் அதே ஹார்மோன்தான்! அதை நிறுத்தினால் சில மாதங்களில் ஹீமோகுளோபினும் இறங்குகிறது. மஜ்ஜைக்குள்ளேயே புற்று குடியேறிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வேடிக்கை பாருங்கள்... ரத்தத்தை ஊற வைக்கும் இன்னொரு ஹார்மோனைப் பிரித்தெடுத்ததும் அதே பல்கலைக்கழகம்தான். பெயர் எரித்ரோபாய்டின். சிறுநீரகத்தில் சுரப்பது. யூஜின் கோல்ட்வாசர் இருபது வருடங்களுக்கு மேல் அதைத் தேடி அலைந்தார். ஜப்பானிலிருந்து, கடும் ரத்தசோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரைச் சுண்டவைத்துக் கொடுத்தார்கள். 1977-ல் அதிலிருந்து கிடைத்தது வெறும் 8 மில்லிகிராம்!

1989-ல் அமெரிக்காவில் அது ஊசி மருந்தாக வந்தது, முதலில் கிட்னி பழுதானவர்களுக்கு. பிறகு கீமோதெரபி எடுப்பவர்களுக்கும். அப்பாடா, பிரச்னை தீர்ந்ததா? இல்லை. புற்றுநோயாளிகளுக்கு இது ஆயுளைக் குறைக்கலாம், ரத்தக்குழாயில் அடைப்பு உண்டாக்கலாம் என்று 2007-ல் அமெரிக்க அரசு கடும் எச்சரிக்கை விடுத்தது. ஆகவே, இது டானிக் அல்ல!

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெரியவர் இருந்தால், 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். ''எதனால ரத்தம் குறையுது?'' என்று டாக்டரைக் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவா, பி-12 குறைவா, சிறுநீரில் ரத்தம் போகிறதா, கிட்னி பழுதா, ஹார்மோன் ஊசியா, மஜ்ஜையா... ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. குறை இருந்தால்தான் இரும்பு மாத்திரை பலிக்கும். ஹார்மோன் ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், புற்று தலைதூக்கிவிடும்!

மூச்சு வாங்கித் தவிப்பவருக்கு உடனே கைகொடுப்பது, யாரோ முகம் தெரியாதவர் தானம் கொடுத்த ரத்தம். நோயை அது குணப்படுத்தாது. ஆனால், பெரியவர் திரும்பும்போது யார் கையையும் பிடிக்காமல் பஸ் ஏறலாம். அது சின்ன விஷயமா, சொல்லுங்கள்?