பச்சை மணியும் பத்தர் சொன்ன பாடமும்

கல்லூரியில் 'பொருள்களின் வலிமை' பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் பாடம் புரிந்தது வில்லாபுரத்தில், எங்கள் வீட்டு அடுப்பங்கரையில்தான்.

வேலை கிடைத்த புதிது. தங்கை கல்யாணத்துக்காக அம்மாச்சியின் மரகத மணிமாலையை வெளியே எடுத்தார்கள். ஒரே பிசுக்கு. "நான் பாத்துக்கிறேன்" என்று சோப்புத்தூள் போட்ட கொதிநீரில் முக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் அலசினேன். இரண்டு மணிகள் விரிசல் விட்டன, மற்றவை வெளிறிப்போயின. அம்மாச்சி திட்டவில்லை. "எங்க ஆத்தா போட்டதுப்பா" என்று மட்டும் சொன்னார்.

தெற்காவணி மூல வீதிப் பத்தர் மாலையைப் பார்த்துவிட்டு, "மத்தளச் சத்தத்துக்கே மரகதம் தாங்காதும்பாங்க. நீங்க வேகவச்சிட்டீங்களே தம்பி!" என்றார்.

இராமநாதபுரம் மாவட்டம் உத்தரகோசமங்கையில் மரகத நடராஜருக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு. மார்கழி ஆருத்ரா தரிசனத்தின்போதுதான் களைவார்கள். அதற்கு மக்கள் சொல்லும் காரணமும் இந்த மத்தளம்தான்.

நம்பிக்கை எப்படியோ, அதிலுள்ள எச்சரிக்கை சரியானது. மரகதம் பெரில் என்ற கனிமத்தின் ஒரு வகை. கடினத்தன்மை 7.5 முதல் 8 வரை. எஃகுக் கத்தியால் கீற முடியாது. ஆனால் உள்ளே இயற்கையான நுண்விரிசல்கள் ஏராளம். அவை தெரியாமலிருக்க எண்ணெய் ஊட்டுவது வியாபார வழக்கம். கொதிநீரில் அந்த எண்ணெய் வெளியேறும். திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் பெருகும். கடினம் வேறு, உறுதி வேறு.

பட்ட பிறகுதான் இதன் வரலாற்றைத் தேடினேன். மரகதத்துக்குப் பச்சை தருவது குரோமியமும் வனேடியமும். அதே பெரிலில் இரும்பு கலந்தால் கடல்நீர் நிறம். அந்த வகைக் கல் காங்கேயம் அருகே படியூரில் கிடைத்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் அதை மணிகளாக்கினார்கள். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இவ்வூரே என்பர். 1985இல் தொடங்கிய அகழாய்வில் முழுமையான மணிகளோடு, பாதி வேலையில் நின்ற மணிகளும் கிடைத்தன. துளையிடும்போது உடைந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். அங்கேயே தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன.

கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, பெரில் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறிடங்களில் அரிது என்கிறார். தெளிந்த கடலின் பச்சையை ஒத்ததே உயர்ந்தது என்றும், இந்தியர்கள் அதைத் துளையிட்டு யானை மயிரில் கோத்து அணிவார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

வீட்டில் மரகதம் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால் துடைத்தால் போதும். நீராவியும் அல்ட்ராசானிக் இயந்திரமும் கூடாது. வைரத்தோடு சேர்த்து வைக்காமல் தனித்துணியில் சுற்றி வையுங்கள்.

தங்கை அந்த மாலையைத்தான் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டாள், இரண்டு மணி குறைவாக. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஒரு பொருளில் கை வைக்குமுன், அதிலேயே காலம் கழித்தவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.