மார்ச் ஆஃப் டைம்ஸ்

மார்ச் ஆஃப் டைம்ஸ் என்பது இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோ நோயை எதிர்ப்பதற்காக அமெரிக்கப் பொதுமக்களிடம் 1938 முதல் நடத்தப்பட்ட நிதி திரட்டும் இயக்கமாகும். டைம் என்பது டாலரில் பத்தில் ஒரு பங்கான பத்து சென்ட் நாணயம். புகழ்பெற்றவரின் குரலையும் நோயுற்ற குழந்தையின் படத்தையும் ஒன்றாக வைத்து மருத்துவ அறக்கொடை கேட்கும் விளம்பர முறைக்கு இவ்வியக்கமே முன்மாதிரி என்பர். பொதுமக்களிடம் சிறுதொகை திரட்டும் வழக்கம் இதற்கு முன்பும் இருந்தது. காசநோய் ஒழிப்புக்கான கிறிஸ்துமஸ் வில்லைகள் அந்நாட்டில் 1907 முதலே விற்கப்பட்டன.

பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1921இல், தமது 39ஆம் வயதில், நோய்வாய்ப்பட்டுக் கால்களின் வலுவை இழந்தார். அந்நோய் போலியோவே என அன்றைய மருத்துவர்கள் கருதினர்; 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு அது கில்லன்-பாரே என்னும் நரம்பு நோயாக இருந்திருக்கலாம் என்றது; இக்கருத்தைப் பலர் ஏற்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீரூற்று விடுதியை அவர் 1926இல் வாங்கிச் சிகிச்சை நிலையமாக்கினார். அதற்குப் பணம் சேர்க்க, அவருடைய பிறந்தநாளான ஜனவரி 30ஆம் நாளன்று, 1934இல், நாடெங்கும் நடன விருந்துகள் நடத்தப்பட்டு 10 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. ஆனால் ஒரு கட்சித் தலைவரின் பெயரால் கேட்கும் கொடைக்கு எதிர்க்கட்சியினர் கைகொடுக்கத் தயங்கியதால், 1938 ஜனவரியில் தனி அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டு, ரூஸ்வெல்ட்டுடன் முன்பு கூட்டாக வழக்கறிஞர் தொழில் நடத்திய பாசில் ஓ'கானர் அதன் தலைவரானார்.

இயக்கத்துக்குப் பெயரிட்டவர் எடி கேன்டர் என்னும் நகைச்சுவை நடிகர். மார்ச் ஆஃப் டைம் (Time, காலம்) என்ற புகழ்பெற்ற செய்திப்படத் தொடரின் பெயரை டைம்ஸ் (Dimes) எனச் சற்றே மாற்றிச் சிலேடையாக்கிய அவர், நேயர்கள் ஆளுக்கொரு டைம் நாணயத்தை நேராக வெள்ளை மாளிகைக்கு அனுப்ப வேண்டும் என்று வானொலியில் கேட்டுக்கொண்டார். முதலிரண்டு நாள்கள் சொற்பமாகவே வந்த கடிதங்கள் பின்னர் மூட்டை மூட்டையாகக் குவிந்து, அரசாங்கக் கடிதங்களைத் தேடி எடுப்பதே பெரும்பாடாயிற்று. நாணயங்களை மெழுகில் பதித்தும், கேக்கினுள் வைத்துச் சுட்டும் அனுப்பியவர்கள் உண்டு என்று கூறப்படுகிறது. மொத்தம் 26,80,000 நாணயங்கள், அதாவது 2,68,000 டாலர் சேர்ந்தது. ரூஸ்வெல்ட் மறைந்த மறு ஆண்டு, 1946 ஜனவரி 30 அன்று, அவர் தலை பொறித்த டைம் நாணயம் வெளியிடப்பட்டது.

விளம்பரத்தின் முகமாக இருந்த ரூஸ்வெல்ட், காலிப்பர் எனப்படும் எஃகுத் தாங்கிகளைக் கால்சட்டைக்குள் மறைத்துக்கொண்டே மேடையில் நின்றார்; சக்கர நாற்காலியில் அவர் இருக்கும் படங்கள் மிகச் சில. இது பத்திரிகையாளர்கள் கூடிச் செய்த மறைப்பா, மக்கள் ஓரளவு அறிந்தே பாராட்டாமல் விட்டதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். பெரியவர் விஷயத்தில் மறைக்கப்பட்டவை அனைத்தும் குழந்தைகள் விஷயத்தில் வெளிச்சமிட்டுக் காட்டப்பட்டன. 1946 முதல் அறக்கட்டளை ஆண்டுதோறும் 'சுவரொட்டிக் குழந்தை' ஒன்றைத் தேசிய அளவில் தேர்ந்தெடுத்தது. முதற் சுவரொட்டியில் ஒரே சிறுவன் கழுத்துக் கட்டுடன் தொட்டிற்கட்டிலைப் பிடித்து நிற்பதும், பின்னர் நடந்து வருவதும் இரு படங்களாக இடம்பெற்றன. கொடுத்த காசு என்ன செய்தது என்பதை ஒரே பார்வையில் காட்டிவிடும் சாமர்த்தியமான அமைப்பு அது. ஆனால் அக்குழந்தைகள் பெரும்பாலும் வெள்ளையர்கள். வார்ம் ஸ்பிரிங்ஸில் கறுப்பின நோயாளிகளுக்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்த நிலையில், அறக்கட்டளையின் கொடையால் அவர்களுக்கென டஸ்கீகியில் 1941இல் ஒரு மையம் திறக்கப்பட்டது. 1944இல் சார்லஸ் பைனம் என்ற கறுப்பினக் கல்வியாளர் அறக்கட்டளையில் பொறுப்பேற்ற பிறகு, கறுப்பினக் குழந்தைகளின் படத்துடன் சுவரொட்டிகள் வந்தன; எனினும் அவை கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கென்றே தனியாக அச்சிடப்பட்டன.

1950 ஜனவரியில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் இவ்வியக்கத்துக்காகத் தாய்மார் அணிவகுப்பு நடைபெற்றது. கொடை தர விரும்பும் வீட்டார் மாலையில் வாசல் விளக்கை எரியவிட வேண்டும். எரியும் விளக்கைக் கண்ட வீட்டின் கதவை மட்டும் தாய்மார் தட்டுவர். நட்சத்திரம் எவரும் தேவைப்படாத இவ்வேற்பாட்டில் ஒரே மணி நேரத்தில் ஏறத்தாழ 45,000 டாலர் சேர்ந்தது. இருண்டு கிடந்த வாசல் எது என்பதும் தெரு முழுவதற்கும் தெரிந்தது.

1952இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேருக்குப் போலியோ கண்டது. அறக்கட்டளையின் நிதியில் உருவான ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி 1954இல் 18 லட்சம் குழந்தைகளைக் கொண்டு சோதிக்கப்பட்டு, 1955 ஏப்ரல் 12 அன்று பயனுள்ளது என அறிவிக்கப்பட்டது. பதின்வயதினரோ அதைச் சின்னப் பிள்ளைகளின் ஊசியென்று ஒதுக்கினர். ஆகவே 1956 அக்டோபர் 28 அன்று நியூயார்க்கில், எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்திருந்த 21 வயதுப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, சட்டைக் கையைச் சுருட்டிப் படக்காரர்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். பிறர் உடலைக் காட்டிக் கேட்பதை விடுத்துத் தம் உடலையே காட்டிய புகழாளர் என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. அந்தப் படத்தால் ஊசி போட்டுக்கொண்டோர் எண்ணிக்கை மளமளவென உயர்ந்தது என்பது பரவலான கூற்று. ஊசி போட்டவர்களை மட்டும் அனுமதித்த நடனக் கூடல்கள் போன்ற இளைஞர்களின் சொந்த முயற்சிகளுக்கே பெரும்பங்கு உண்டென்று கருதுவோரும் உளர்.

1958இல் அறக்கட்டளை பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திரும்பியது. சுவரொட்டிக் குழந்தை முறையைப் பிற அமைப்புகளும் கைக்கொண்டன. தசைச்சிதைவு நோய்க்காக நடிகர் ஜெர்ரி லூயிஸ் 1966 முதல் நடத்திய நெடுநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை, முன்னாளில் அத்தகைய சுவரொட்டிகளில் இடம்பெற்றவர்களே 1990களில் இரக்கத்தை விற்கும் வேலையென்று எதிர்த்தனர்.

இந்தியாவில் 1995இல் நாடு தழுவித் தொடங்கிய பல்ஸ் போலியோ திட்டத்துக்கு, அதாவது குறித்த நாளில் ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறைக்கு, வேலூரில் முன்னரே செயல்முன்னோடி இருந்தது. புகழாளரை முன்னிறுத்தும் முறை இத்திட்டத்திலும் இடம்பெற்றது; அமிதாப் பச்சன் நடித்த விளம்பரங்களில் அவர் வேண்டிக்கொண்டதைவிடப் பெற்றோரைக் கடிந்துகொண்டதே நினைவில் நின்றது. 2011 ஜனவரிக்குப் பின் நாட்டில் இயற்கைப் போலியோக் கிருமியால் எவரும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடெனச் சான்று கிடைத்தது.

வாஷிங்டனில் 1997இல் திறக்கப்பட்ட ரூஸ்வெல்ட் நினைவிடத்தில், நாற்காலியை மேலங்கி மறைக்கும்படியே அவர் சிலை அமைந்திருந்தது. மாற்றுத்திறனாளிகள் அமைப்பொன்று 16.5 லட்சம் டாலர் திரட்டியதன் பயனாக, 2001 ஜனவரியில், சக்கர நாற்காலியில் அவர் அமர்ந்திருக்கும் மற்றொரு சிலை அதன் நுழைவாயிலில் வைக்கப்பட்டது.